உன் வேலையைப் பார் என்று நான் சொன்னது பற்றி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அம்மா, தம்பி, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று, மூன்று வாரமாக நீ அனுப்புகிற "ம்", "சாப்பிட்டேன்" என்ற இரண்டு செய்திகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. போன் செய்தால் எடுப்பதில்லை, அம்மா செய்தால் எடுக்கிறாய், நான் பக்கத்தில் இருந்தால் உடனே வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், ஞாயிற்றுக்கிழமை உனக்கு என்ன வகுப்பு என்று நான் கேட்கவில்லை. அதனால்தான் கடிதம். இன்னொரு காரணமும் உண்டு, போனில் நான் எதிராளியை முடிக்கவிடாமல் குறுக்கே பேசுவேன், கடிதத்தில் என்னை நானே குறுக்கிட்டாலும் உன் காதில் விழாது. திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார், சத்தியம் வேண்டாம் ரசீது கொடுங்கள் என்று வாங்கி வைத்திருக்கிறேன்.

வீட்டு விஷயம் முதலில். அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. பல் டாக்டர் இரண்டு நாள் வாயைத் திறந்து பேசக் கூடாது என்றார், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது, ஆனால் அவள் துண்டுச் சீட்டில் எழுத ஆரம்பித்துவிட்டாள், பேசுவதைவிட அது மோசம், பேச்சு காற்றில் போய்விடும், சீட்டு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாம் நாள் காலை தண்ணீர் எடுக்கப் போனேன், "அவளிடம் போனை ஏன் அப்படி வைத்தீர்கள்" என்று ஒரு சீட்டு. சாயங்காலம் அதன் கீழே இன்னொன்று, "இன்னும் பதில் வரவில்லை". தம்பி அதைப் படித்துவிட்டு, அப்பாவுக்கு அரியர் விழுந்திருக்கிறது என்று சிரித்தான். அவன் குரல் உடைந்துவிட்டது, பாதி வாக்கியம் ஒரு சுருதி, மீதி வேறொன்று, பழைய ரேடியோவில் நிலையம் மாற்றுகிற மாதிரி இருக்கிறது, நீ கேட்டால் சிரித்தே மாளமாட்டாய். மேல்மாடி மோட்டார் மறுபடி போனது, கெப்பாசிட்டரை மாற்றினேன், இப்போது ஓடுகிறது. உன் அறையில் இப்போது அவன் படுக்கிறான், உன் மேசையைத் தொடவில்லை, தொட்டால் அக்கா கொன்றுவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

இனி நான் சொல்ல வந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஞாயிறு காலை நீ கூப்பிட்டுச் சொன்னதை, நான் சரியாகக் கேட்டேனா என்று பார்க்க, எனக்கு நினைவிருக்கிறபடி எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்து. முந்தின நாள் சனிக்கிழமை மாலை ஐந்து மணி போல உன் அறைத்தோழியும் அவளோடு பழகுகிறவனும் கல்லூரி வாசலில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், அவன் அவள் மணிக்கட்டை முறுக்கினான், பிறகு கன்னத்தில் அறைந்தான். நீ உட்பட எட்டுப் பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றீர்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அறைக்கு வந்து குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள், பார்த்த உன்னிடமே அப்படிச் சொன்னாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் வருகிறான், இது முதல் தடவை இல்லை. நீ கேட்டது ஒரே கேள்வி, "அப்பா, நான் என்ன பண்ணட்டும்?" அதற்கு நான், "உன் வேலையைப் பாரு, அடுத்தவங்க வம்பு நமக்கு எதுக்கு, படிக்கத்தானே அனுப்பியிருக்கோம்" என்றேன். நீ "ஆனா அப்பா" என்று ஆரம்பித்தாய், நான் வைத்துவிட்டேன். மொத்தம் இரண்டு நிமிடம் நாற்பது நொடி, போனில் பார்த்தேன்.

இதற்கு அடுத்த வாரம் எங்கள் பயிற்சி நிலையத்தில் முதல்வர் என்னைக் கூப்பிட்டு ஒரு புத்தகத்தைக் கையில் திணித்தார். எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் ஆறு மணி நேரம் ஒரு பாடம் எடுக்க வேண்டுமாம், ஒருவர் இன்னொருவரை அடிப்பதை, மிரட்டுவதைப் பார்த்தால் பக்கத்தில் நிற்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்று. அதை எடுக்க வேண்டிய டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார், மின்பழுதுப் பிரிவுக்கு நீங்களே எடுங்கள் என்றார். நான் மோட்டார் சொல்லிக்கொடுக்கிறவன், இதெல்லாம் எனக்கு வராது என்றேன். உங்கள் வகுப்பில்தான் பையன்கள் சத்தம் போடாமல் உட்காருகிறார்கள் என்றார், அது என் பாடத்துக்காக இல்லை, என் குரலுக்காக என்று இருவருக்கும் தெரியும். புத்தகம் நாற்பது பக்கம், சாப்பாட்டு இடைவேளையில் படித்து முடித்தேன், எல்லாம் சுற்றி வளைத்து மெத்தென்று எழுதியிருந்தது, எனக்குப் பொறுமை இல்லை. அலமாரியில் வைத்துவிட்டு, பழுது கண்டுபிடிக்கப் போடுகிற மாதிரி ஒரு கட்டப்படம் கரும்பலகையில் போட்டேன். அடி விழுகிறதா, ஆம், இல்லை. ஆம் என்றால் நடுவில் போய் நில், கையைப் பிடி. அவ்வளவுதான், பத்து நிமிடத்தில் பாடம் முடிந்தது, மீதி ஐம்பது நிமிடத்துக்கு என்ன செய்வது என்று நடித்துக் காட்டச் சொன்னேன்.

இருபத்திரண்டு பேரில் ஒருவன் ரொம்ப உயரம், ஏணி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், மின்விசிறி மாட்ட அவனுக்கு ஸ்டூல் வேண்டாம். அவன் தடுக்கப் போகிறவன், வேறு ஒருவன் அடிக்கிறவன். ஏணி நான் சொன்னபடியே பாய்ந்து கையைப் பிடித்தான், பிடிபட்டவன் தன்னை அறியாமல் முழங்கையை வீசிவிட்டான், ஏணி பெஞ்சு விளிம்பில் போய் விழுந்தான், தாடையில் மூன்று தையல். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "டேய், உனக்கு நடிக்கத் தெரியலைடா, அடிக்கத்தான் தெரியுது" என்று அவன் திட்டியதும் வகுப்பே சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், எப்போதும் கழுத்தில் மின்சாரம் அளக்கிற மல்டிமீட்டரை மாட்டிக்கொண்டு திரிவாள், அதனால் மீட்டர் என்று பெயர். அவள் எழுந்து நின்று கேட்டாள், "சார், கரன்ட் அடிச்சவனை வெறுங்கையால தொடாதே, தொட்டா நீயும் ஒட்டிக்குவே, முதல்ல சப்ளையைக் கட் பண்ணுன்னு முதல் நாளே சொன்னீங்க. இதுக்கு மட்டும் பாஞ்சு பிடின்னா எப்படி சார்?" பதினாறு வருஷமாக அதைத்தான் முதல் பாடமாக எடுக்கிறேன். கட்டப்படத்தை அழித்தேன். பிறகு அலமாரியிலிருந்த அந்தப் புத்தகத்தை எடுத்து மறுபடி படித்தேன், பதினோராம் பக்கத்தில் அதுவேதான் இருந்தது, நான் வேகமாகப் புரட்டியதில் தாண்டிவிட்டிருக்கிறேன்.

அடுத்த வகுப்பில் நான் குறைவாகப் பேசினேன், அவர்கள் பேசினார்கள். ஒருத்தன் அடிக்கிற இடத்தில் சப்ளை எது என்று கேட்டேன். கூடி நின்று சிரிக்கிறவர்கள் என்றான் ஒருவன். சிரிக்காமல் நிற்கிறவர்களும்தான், சும்மா நின்றால் அடிக்கிறவன் அதை ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்வான் என்றாள் மீட்டர். அடி வாங்குகிறவர் தனியாக இருப்பதுதான் சப்ளை என்றான் எப்போதும் வாய் திறக்காத ஒருவன், அவனை நான் அதுவரை சரியாகப் பார்த்ததுகூட இல்லை. பக்கத்தில் போய் மணி என்ன என்று கேட்டாலே போதும், வேகம் குறைந்துவிடும் என்றார்கள். பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், உன்னை டீச்சர் கூப்பிடுகிறார் என்று அடி வாங்குகிறவரைப் பெயர் சொல்லி நகர்த்திக்கொண்டு போகலாம், அது பொய்தானே சார் என்று ஒருவன் கேட்டான், நகர்த்திவிட்டு டீச்சரிடம் போய்ச் சொல்லிவிடு, அப்புறம் பொய் இல்லை என்று இன்னொருவன். கத்தி கித்தி இருந்தால் கிட்டவே போகாதே, போலீசைக் கூப்பிடு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அடிக்கிறவனிடம் நியாயம் பேச வேண்டாம், அது அப்புறம், முதலில் அடி வாங்கினவரிடம் போ என்பதற்கு மட்டும் அரை மணி சண்டை போட்டார்கள். எனக்கு ஒரு பிரமிப்பும் இல்லை, நல்ல வகுப்பு, அவ்வளவுதான்.

போன வியாழன் காலை பதினோரு மணிக்குக் கருவி அறை ஜன்னலில் நடந்தது இது. எங்கள் இடத்தில் ஒவ்வொரு மாணவனுக்கும் எண் போட்ட ஐந்து பித்தளை வில்லைகள் கொடுப்போம் என்று உனக்குத் தெரியும், சின்ன வயசில் நீ அதை வைத்து விளையாடியிருக்கிறாய். வில்லையைக் கொடுத்தால் கருவி கிடைக்கும், கருவியைத் திருப்பினால் வில்லை கிடைக்கும், கருவி தொலைந்தால் வில்லையில் எவன் எண் இருக்கிறதோ அவன்தான் பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் வருஷத்துக்காரன் ஒருவன், முதல் வருஷத்துப் பையனின் கழுத்துப் பட்டையைப் பிடித்து அவன் தலையை ஷட்டரில் மோதிக்கொண்டிருந்தான். கருவி அறைக்காரர் உள்ளே ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தார். சுற்றி ஒரு கூட்டம். என் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் அந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். ஏணி தாடையில் கட்டோடு நேரே மூன்றாம் வருஷத்துக்காரன் பக்கத்தில் போய், "அண்ணே, பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் இங்கதான் குடுப்பாங்களா?" என்று கேட்டிருக்கிறான். "போடா அந்தப் பக்கம்" என்றதற்கு, "இல்லண்ணே, பதிமூணு இருந்தாலும் பரவால்ல" என்றானாம். இன்னொருவன் அவன் பின்னால் வரிசையில் நின்றான், அவன் பின்னால் இன்னொருவன், வரிசை நின்றதும் வேடிக்கை பார்த்தவர்களில் நாலு பேர் எதற்கு என்றே தெரியாமல் வந்து நின்றுவிட்டார்கள். ஒருவன் உள்ளே ஓடிக் கருவி அறைக்காரரை அழைத்து வந்தான். வரிசைக்கு நடுவில் ஒருவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது, அவனுக்கே கூச்சமாகிக் கையை எடுத்தான். மீட்டர் அந்த முதல் வருஷத்துப் பையனை முதலுதவி அறைக்கு அழைத்துப் போனாள்.

இதுவரை படித்துவிட்டு, அப்பா தன் வகுப்புப் பெருமையைச் சொல்லத்தான் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைக்கலாம். பொறு. அன்று மூன்று மணிக்கு மீட்டர் பட்டறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். "சார், நீங்க கோபப்படக் கூடாது" என்றாள். பிறகு அவளே, "இல்ல சார், கோபப்பட்டாப் படுங்க, சொல்லித்தான் ஆகணும்" என்றாள். முதலுதவி அறையில் அந்தப் பையனிடம், நான் கூட இருக்கட்டுமா போகட்டுமா என்று கேட்டிருக்கிறாள், இரு என்றிருக்கிறான். இரண்டு மாதமாக மூன்றாம் வருஷத்துக்காரன் அவன் வில்லைகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அவன் எண்ணில் கருவி எடுத்துத் தொலைத்து, அவனைத் திட்டு வாங்க வைத்து, கேட்டால் அடித்திருக்கிறான். யாரிடமாவது சொல்லலாமே, நான் கூட வருகிறேன் என்றாளாம் இவள். சொல்லியாச்சு, ஒரு சாரிடம் சொன்னேன், உன் வேலையைப் பாரு என்றார் என்றிருக்கிறான். எந்த சார் என்று கேட்டதற்கு, அவன் அவள் கழுத்தில் தொங்கிய மீட்டரைப் பார்த்தானாம், அது எங்கள் பிரிவு முத்திரை போட்டது.

அது நான்தான். யோசித்தபோது நினைவு வந்தது. ஒரு மோட்டாருக்குச் செப்புக் கம்பி வைண்டிங் சுற்றிக்கொண்டிருந்தேன், சுற்று எண்ணுகிறபோது யாராவது பேசினால் எண்ணிக்கை போய்விடும், மறுபடி முதலிலிருந்து. ஒரு குரல் வந்து, சார், என் வில்லை என்கிட்ட இல்ல என்றது. தொலைத்துவிட்டு வந்து நிற்கிறான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன், வில்லை தொலைப்பதுதான் எங்களுக்கு உலகத்திலேயே பெரிய குற்றம். உன் வில்லையை நீதான் பார்த்துக்கணும், போய் உன் வேலையைப் பாரு என்றேன், தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் நெற்றியில் இருந்த வீக்கத்தைப் பார்த்திருப்பேன். எண்ணிக்கை தப்பவில்லை, அந்த மோட்டார் இன்னும் நன்றாக ஓடுகிறது.

முதல்வர் நடந்ததை எல்லோரிடமும் எழுதி வாங்கினார். நான் இதையும் எழுதிக் கொடுத்தேன். இந்த வரி தேவையா, எடுத்துவிடுங்களேன், உங்களுக்குத்தான் கெடுதல் என்றார், நல்ல மனசோடுதான் சொன்னார். விட்டுவிட்டால் பையன் பொய் சொன்னதாக ஆகிவிடும் என்றேன். என் கோப்பில் ஒரு எச்சரிக்கை ஏறியிருக்கிறது, அடுத்த வருஷம் பிரிவுத் தலைவர் வேலை எனக்கில்லை, ஃபிட்டர் வகுப்பு எடுக்கிறவருக்குப் போகிறது, அவரும் நன்றாகத்தான் செய்வார், கொஞ்சம் மெதுவாகச் செய்வார். மூன்றாம் வருஷத்துக்காரனை ஒரு மாதம் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பையனைத் தேடிப் போய், நீ சொன்னாய், நான் கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்றேன். பரவால்ல சார் என்றான். பரவாயில்லை என்று சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது, ஆனால் பதினேழு வயசில் ஒரு வாத்தியாரிடம் வேறு என்ன சொல்ல முடியும்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் முழுதும் சொன்னேன். பேசலாம் என்று டாக்டர் சொல்லி நாலு நாள் ஆகிவிட்டது, இருந்தும் அவள் எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியிலிருந்த இரண்டு சீட்டையும் கிழித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பேர் என்னிடம் வந்து கேட்டீர்கள், இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்லியிருக்கிறேன். அவனிடம் சொன்னது அவசரத்தில். உன்னிடம் சொன்னது பயத்தில். அந்த ஆள் உன்னையும் அடிப்பான் என்று நினைத்தேன், அவ்வளவு தூரத்திலிருந்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தேன், அதைப் பயம் என்று சொல்லாமல் புத்திமதி மாதிரிச் சொல்லிவிட்டேன். எனக்கு இருபது வயசில் நீ பிறந்தாய், உன் விடுதியில் என்னை உன் அண்ணன் என்று நினைத்து, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா தம்பி என்று காவலாளி திருப்பி அனுப்பினாரே, அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே நீ கேட்ட கேள்விக்கு மூன்று வாரம் தாமதமாகப் பதில். அவனிடம் போகாதே, அவனோடு பேசாதே, அவன் கையைத் தொடாதே. அவளிடம் போ. அறையில் அவள் தனியாக இருக்கும்போது, நான் பார்த்தேன் என்று மட்டும் சொல். அவனை விட்டுவிடு என்று சொல்லாதே, சொன்னால் அவள் அவன் பக்கம் பேச ஆரம்பிப்பாள், நீ எதிரியாகிவிடுவாய், இது புத்தகத்தில் இருக்கிறது, மீட்டரும் அதையேதான் சொன்னாள். உனக்கு என்ன வேணும், நான் கூட இருக்கட்டுமா என்று கேள். குளியலறையில்தான் வழுக்கியது என்று மறுபடி சொன்னால் சரி என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்காரு, இன்னொரு நாள் கேள், உனக்கு என் பொறுமையின்மை வந்திருக்கிறது, அதை அவளிடம் காட்டாதே. சனிக்கிழமை அவள் வாசலுக்குப் போனால் வேண்டாம் என்று மறிக்காதே, கூடப் போ, அன்றைக்கு நின்ற எட்டுப் பத்துப் பேரில் உனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரையும் முன்னாலேயே பேசிக் கூட்டிக்கொள், அவர்களும் நீ ஆரம்பிக்கட்டும் என்றுதான் காத்துக்கொண்டிருப்பார்கள். சைக்கிள் பூட்டைத் திறக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், சாவி கிடைக்காத சைக்கிளுக்குப் பக்கத்தில் நாலு பெண்கள் நிற்பதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. கை ஓங்கினால் எல்லோரும் அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுங்கள், காவலாளிக்குக் கேட்கும்படி. விடுதிக் காப்பாளரிடம் சொல்வதை அவளுக்குத் தெரிந்து சொல், அவளையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. ஆனால் அவள் உயிருக்கு ஆபத்து என்று உனக்குத் தோன்றினால் அவள் சம்மதத்துக்குக் காத்திருக்காதே, உடனே சொல், அப்புறம் அவள் உன்னோடு பேசாமல் போனாலும் போகட்டும். பேசாமல் இருந்தவர்களோடு மறுபடி பேச்சு ஆரம்பிப்பது எப்படி என்று நானே இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

நான் புறப்பட்டு வரட்டுமா என்று நினைத்தேன். அம்மா, அவள் கூப்பிட்டால் போங்கள், கூப்பிடாமல் போய் அங்கே நின்று கத்தினால் பிள்ளைக்குத்தான் தலைகுனிவு என்றாள். சரி. நீ கூப்பிட்டால் அடுத்த வண்டியில் ஏறுகிறேன், கூப்பிடாவிட்டால் வரமாட்டேன். இந்தப் பாடத்தில் அந்தப் பெண் சுகமாக இருக்கிறாளா என்பதுதான் மார்க், நீ தைரியசாலியா இல்லையா என்பதில்லை. உனக்குப் பயமாக இருந்தால் பயம் என்று சொல், நான் செய்த மாதிரி அதற்கு வேறு பெயர் வைக்காதே.

அம்மா உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள், தம்பி உன் பழைய ஹெட்போனை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறான், எடுத்துவிட்டான் என்று நினைக்கிறேன். நீயும் உன் தோழியும் நல்லபடியாக இருக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், படிப்பு அதற்கு அப்புறம்தான். ஒன்றை மட்டும் மறக்காதே, போனை முழுதாகச் சார்ஜ் போட்டு வை. பட்டறைக்குள் போனை எடுக்கக் கூடாது என்பது நான் போட்ட விதி, எடுத்தவர்கள் போனை நான் பிடுங்கி வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை நாலு மணியிலிருந்து என் போன் மேசைமேல் இருக்கும், அடித்தால் கையில் என்ன வேலை இருந்தாலும் எடுப்பேன் என்று வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். உங்களுக்கு மட்டும் என்ன சார் சலுகை என்று ஏணி கேட்டான். என் மகள் அன்றைக்கு ஒருத்தி பக்கத்தில் போய் நிற்கப் போகிறாள் என்றேன். நீ இன்னும் அப்படிச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா